சரக்கறை மூடியில் வீடு கட்டிய போசன் கொளஞ்சியப்பன் அவர்களுக்கு

அலைகடல் நடுவே அயராது நின்ற ஆற்றலாளரே! கயிறு பிடித்த கையாலேயே கப்பலையும் கப்பலில் இருந்தோரையும் கட்டிக் காத்த காவலரே! திட்டக்குடிச் சீமையில் பிறந்து, திசையெட்டும் திரிந்து, தில்லை நகரில் இல்லறம் கண்டு, இன்று பணி நிறைவு என்னும் நீண்ட விடுப்பில் வீடு திரும்பியிருக்கும் தீரரே! 'நீலமலர்' சரக்குக் கப்பலின் மேல்தள ஆட்களுக்குத் தலைவராய், அதாவது போசனாய், எங்கள் அத்தனை பேருக்கும் அண்ணனாய், ஓய்வு என்ற சொல்லை ஒருவர் வாயிலும் வரவிடாத உழைப்பாளராய் விளங்கிய போசன் கொளஞ்சியப்பன் அவர்களே! வருக! வந்து நன்றாகச் சாய்ந்து உட்காருக! இன்று தங்களை எழுப்ப எந்த மணியும் அடிக்காது.

நெல்லிக்குப்பத்து ஃபிட்டர் சிலம்பரசனாகிய என் தலையில் இந்த மடலைக் கட்டியவர்கள், “அடுக்குமொழியில எழுதுப்பா. சட்டம் போட்டு அண்ணன் வூட்டுச் செவுத்துல மாட்டப்போறது. மெஸ்ஸுல பேசற மாதிரி எழுதித் தொலைக்காத” என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அடுக்குமொழிக்கு என்ன பஞ்சம்? தங்களுக்கு அடைமொழி தேடி நான் அலையவில்லை; வந்து குவிந்ததில் எதை விடுவது என்றுதான் திண்டாடினேன். ஆனால் அண்ணே, வெறும் அடைமொழியை மாட்டினால் செவுத்துக்குத்தான் பெருமை. நடந்ததை எழுதினால்தான் தங்களுக்குப் பெருமை. ஆகவே இரண்டையும் கலந்தே எழுதியிருக்கிறேன், பொறுத்தருள்க.

துருவைத் துரத்திய தூயவரே! இரும்புக் கப்பலை உப்புக் காற்று ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. தாங்களும் அந்தத் துருவை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் குரல் கேட்டு நங்கூரம் இறங்கியது, தங்கள் குரல் கேட்டு நங்கூரம் ஏறியது. தங்கள் கண் முன்னால் ஒருவனும் இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டாமல் உயரம் ஏறியதில்லை. ஏறத் துணிந்தவன் இறங்கி வந்து வாங்கிய திட்டு இருக்கிறதே, அதற்குக் கீழே விழுந்திருந்தாலே தேவலை என்று அவனுக்குத் தோன்றும். அந்தத் திட்டை வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று குடும்பத்தோடு இந்தச் சிதம்பரத்து மண்டபத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

மண்டபத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பல் வேலை என்றால் ஊர் ஊராகச் சுற்றிப் பார்ப்பது என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஊரை நாங்கள் பார்ப்பது குறைவு. தண்ணீரைப் பார்ப்பதுதான் ஜாஸ்தி. வேலை முடிந்த சாயங்காலங்களை என்ன செய்வது என்பதே எங்களுக்குப் பெரிய வேலை. கொண்டுபோன படங்களையெல்லாம் முதல் மாதமே பார்த்துத் தீர்த்துவிடுவோம். சீட்டாட்டம் சண்டையில் முடியும். அதன் பிறகு மிஞ்சுவது ஒரே பேச்சு: “ஊருக்குப் போனா அத கட்டணும், இத மாத்தணும்.” எல்லாக் கப்பலிலும் இந்தப் பேச்சு உண்டு. எங்கள் கப்பலில் மட்டும் அது பேச்சாக நிற்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கு வாய்த்த போசன் அப்படி!

சாக்கட்டி ஏந்திய சிற்பியே! சரக்கறையை மூடும் இரும்பு மூடி ஒரு கல்யாண மண்டபத் தரை அளவுக்கு விரிந்து கிடக்கும். டீ குடித்து முடித்ததும் தாங்கள் அதன் மேல் ஏறுவீர்கள். “இன்னைக்கு யாரு வூடுப்பா?” என்பீர்கள். கை தூக்கியவனுடைய வீடு அங்கே எழும்பும், காகிதத்தில் சின்னதாக அல்ல, உண்மை அளவிலேயே! சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சாக்கட்டிக் கோடு. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் கோட்டுக்கு ஓர் இடைவெளி. வரைந்து முடித்ததும் அத்தனை பேரும் உள்ளே போய் நடப்போம். கோட்டைத் தாண்டிக் குறுக்கே நடந்தவன் சுவரில் முட்டியவன் ஆவான். மறுநாள் சமையலறைக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்க வேண்டும். திட்டக்குடி அருண்பாண்டியனின் ஆட்டுக் கொட்டகை அப்படித்தான் பசிபிக் பெருங்கடலில் எழுந்தது. அவன் ஆடாக நான்கு காலில் தவழ்ந்து காட்டியதை நான் இங்கே எழுதக் கூடாதென்று அவன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கடலில் வரைந்த வீடுகளில் கடலின் குணம் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாங்கள் தங்கள் சொந்த வீட்டுச் சமையலறைக்கு அலமாரி திட்டமிட்டீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நாலு விரல் உயரம் கட்டை அடித்து வைத்தீர்கள், சாமான் சரிந்து விழாதிருக்க! அதைப் பார்த்துத் தங்கள் துணைவியார் தில்லையம்மாள் அண்ணி கேட்டது கப்பல் முழுவதும் பிரசித்தம். “ஏங்க, வூடு ஆடாதுங்க.” நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? மொட்டை மாடிக்குப் படிக்கட்டு திட்டமிட்டேன். செங்குத்தான கப்பல் ஏணி ஏறிப் பழகிய கால்கள் அத்தனையும் அதில் ஏறி இறங்கிப் பார்ப்பதுபோல் நடித்து, 'நல்லா இருக்குது' என்று சான்று கொடுத்தன. கட்டி முடித்த பிறகு பார்த்தால், நெல்லிக்குப்பத்தில் எங்கள் வீட்டார் அதில் இன்றும் பின்புறமாகத்தான் இறங்குகிறார்கள்.

இவையெல்லாம் சிரித்துக் கழிந்தவை. சிரிக்க முடியாத ஒரு வீட்டையும் அந்த மூடியில் தாங்கள் வரைந்தீர்கள். இன்று தங்களைப் போற்ற நாங்கள் கூடியிருப்பதற்கு அந்த ஒரு வீடே போதும்.

கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்ட ஆண்டு அது. எந்தத் துறைமுகமும் எங்களைக் கரையில் கால் வைக்க விடவில்லை. எங்களுக்குப் பதிலாக ஏற வேண்டியவர்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தோம். கரை கண்ணுக்குத் தெரியும், செல்போனில் கரையின் சிக்னல்கூடக் கிடைக்கும், போகத்தான் முடியாது. 'எப்போ போவோம்' என்று கேட்டுக் கேட்டே நாங்கள் அரைப் பைத்தியமானோம். அப்போது தாங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். “இனிமே எவனும் எப்போன்னு கேக்கக் கூடாது. எவ்ளோ அகலம், எவ்ளோ ஒசரம், அது மட்டுந்தான் கேக்கணும்.” கேப்டன் போட்ட சட்டத்தைவிட அதற்குத்தான் நாங்கள் கட்டுப்பட்டோம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் தலைமைச் சமையற்காரர் லூர்துசாமிக்குக் கடலூர் முதுநகரிலிருந்து செய்தி வந்தது. அவர் மனைவி பாக்கியமேரி ஸ்கூட்டரில் போகும்போது வேன் மோதி முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்துவிட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தம்பி ஆன்டோ நெய்வேலியில் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். லூர்துசாமி வழக்கம்போல் சமைக்க இறங்கினார். சாம்பாரில் உப்பு இல்லை. மறுநாள் பொரியலில் உப்பு மட்டுமே இருந்தது. “எவனாவது வாயத் தொறந்தா பாத்துக்க” என்று தாங்கள் மெஸ்ஸில் கண்ணாலேயே எங்களை அடக்கினீர்கள். உப்பில்லாத சோற்றை ருசித்துச் சாப்பிட்ட பெருமை எங்களுக்கு உண்டு.

ஆறுதல் சொல்லத் தெரியாத அன்பாளரே! இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் போய் அவர் தோளைத் தட்டி, 'தைரியமா இரு' என்றோம். தாங்கள் மட்டும் சமையற்கட்டு வாசலில் போய் நின்று, “லூர்து, ஒங்க வூட்டுல அடுப்பு எந்தப் பக்கம்பா இருக்குது?” என்றீர்கள். மனிதர் கரண்டியோடு திகைத்துப்போனார். கப்பலுக்கே ஆக்கிப்போடும் சமையற்காரருக்குத் தன் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை! விடுப்பில் போனால் பாக்கியமேரி அவரைச் சமையலறைக்குள்ளேயே விடுவதில்லையாம், 'கடல்ல ஆக்குனது போதும், போய் ஒக்காருங்க' என்று.

அதனால் பாக்கியமேரியிடமே கேட்டோம். நெய்வேலியிலிருந்து குரல் பதிவு வந்தது. “அடுப்பு கெழக்க பாத்து இருக்குது. கொழா அதுக்கு எடது கைப் பக்கம். ஏன் அண்ணே, பொம்பள எங்க நிக்கிறான்னே பாக்காம இத்தினி வருசமா என்னா வூடு வரைஞ்சீங்க?” விபத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான் என்று ஆன்டோ பிறகு சொன்னார். லூர்துசாமி அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.

பாக்கியமேரியின் ஆசை ஒன்றே ஒன்றுதான்: தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அங்கே யாரும் தூக்காமல் தானே இருக்க வேண்டும். ஆன்டோ கெட்டவர் இல்லை, அக்கா மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் லூர்துசாமியிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். “மாமா, நீங்க கடல்ல கெடக்கிறீங்க. அந்த வூட்டுல அக்காவால ஒரு சொம்பு தண்ணி எடுக்க முடியாது. கிறிஸ்மஸுக்குள்ள யாரும் தூக்காம அக்கா வூட்டுக்குள்ள போவ வர முடியும்னா இருக்கட்டும். இல்லன்னா வூட்ட வாடகைக்கு உட்டுட்டு அக்காவ எங்ககூடவே வெச்சிக்கிறேன். என்னயத் தப்பா நெனைக்காதீங்க.” தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பாக்கியமேரிக்கு அந்தக் கெடு கழுத்தில் கயிறு போட்டதுபோல் ஆகிவிட்டது, லூர்துசாமிக்கும்தான்.

வரைந்து தள்ளிய வல்லவரே! அன்று முதல் வேறு யாருடைய வீடும் மூடியில் ஏறவில்லை. பாக்கியமேரியின் சக்கர நாற்காலியை அளந்து ஆன்டோ அனுப்பிய அளவில் பழைய ஆபீஸ் நாற்காலியையும் தள்ளுவண்டிச் சக்கரங்களையும் பற்றவைத்து நானே அதுபோல் ஒன்று செய்தேன். அதில் தாங்கள் உட்கார்ந்தீர்கள். கால் தரையில் ஊன்றிவிடும், கள்ளத்தனம் செய்துவிடும் என்று, கப்பல் கயிற்றால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டச் சொன்னீர்கள். போசன் கால் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கேப்டனே மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டார். சாக்கட்டி அடுப்பில் சமைத்தீர்கள், சாக்கட்டிக் குழாயில் பாத்திரம் கழுவினீர்கள், சாக்கட்டிக் குளியலறையில் திரும்ப முடியாமல் சுவரில் முட்டி வெங்காயமும் உரித்தீர்கள். அடுப்பு மேடைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் வேண்டும் என்று கண்டுபிடித்தீர்கள். பாக்கியமேரி அங்கிருந்து, “அரிவாமணை இனிமே ஆவாது அண்ணே, கத்திக்கு ஒரு எடம் வெச்சிடுங்க” என்று சொல்ல, இங்கே அதற்கொரு கோடு விழும். கப்பலின் நடைவழிகளில் ஆட்டத்துக்குப் பிடித்துக்கொள்ள இரும்புப் பிடிகம்பி இருக்குமே, அதையும் வீட்டுச் சுவர் நெடுகப் போடச் சொன்னீர்கள். கம்பியைப் பிடித்து இழுத்தே நாற்காலியை நகர்த்திவிடலாம் என்று செய்து காட்டினீர்கள்.

நாங்கள் வரைந்ததைப் படம் பிடித்து அனுப்பினோம். முதுநகரில் அறிவழகன் கொத்தனார் கோட்டுக்குக் கோடு அப்படியே கட்டினார். டிசம்பர் தொடக்கத்தில் வேலை முடிந்தது. படம் பார்த்துக் கைதட்டினோம். லூர்துசாமி அண்டா நிறையச் சேமியா பாயசம் வைத்தார்.

பாயசம் ஆறுவதற்குள் பாக்கியமேரியின் குரல் வந்தது. ஆன்டோ அவரைக் காரில் அழைத்துவந்து வீட்டைக் காட்டியிருக்கிறார். “எல்லாம் நல்லாத்தான் இருக்குது அண்ணே. அடுப்பு எட்டுது, கொழா எட்டுது. ஆனா ஒவ்வொரு வாசல்லயும் ஒரு படி கட்டி வெச்சிருக்குதே. தெருவாசல்ல தம்பி தூக்குனான். சமையக்கட்டு வாசல்ல தூக்குனான். பாத்ரூம் வாசல்லயும் தூக்குனான். என்னய நாள் பூரா யாரு தூக்குறதாம்?” கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. மெஸ்ஸில் பாயசக் கிண்ணங்களை அப்படியே கீழே வைத்தோம்.

நிலத்தில் இருப்பவர்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். கப்பலில் எந்தக் கதவானாலும் அடியில் இரும்பு நிலைப்படி உயரமாக நிற்கும், கடல்தண்ணீர் உள்ளே வராதிருக்க. காலை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கி வைக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. வாசலுக்கு இடைவெளி விட்டபோதெல்லாம், அந்த இடைவெளியிலும் நிலைப்படிக்கென்று குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டு, 'நாலு அங்குலம்' என்றும் எழுதிவைத்தோம். சாக்கட்டிக் கோட்டுக்கு உயரம் ஏது? தங்கள் நாற்காலி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. கூடவே நடந்த நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டின் மேல் காலைத் தூக்கித் தூக்கித்தான் வைத்திருக்கிறோம், ஒருவனுக்கும் உறைக்கவில்லை. வாசற்படி இல்லாத வீடு ஊரில் ஏது என்று கொத்தனாரும் கேட்காமல் கட்டிவிட்டார். நடக்க முடியாத ஒருவருக்கு, கால் தூக்கியே பழகிய அத்தனை பேரும் சேர்ந்து வீடு வரைந்தால் வேறு என்னதான் ஆகும்!

பழியைப் பங்கு போடாத பண்பாளரே! எங்களில் யார் எந்தக் கோட்டைப் போட்டோம் என்று மெஸ்ஸில் முணுமுணுப்பு தொடங்கியது. தாங்கள் எழுந்து, “தப்பு என்னுது. சாக்கட்டி எங்கையில இருந்துச்சு” என்றீர்கள். லூர்துசாமி எதிரிலேயே ஆன்டோவுக்குப் போன் போட்டீர்கள். “தம்பி, கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் இருக்குதுல்ல? அதுவரைக்கும் பொறுத்துக்க. அன்னைக்கும் படி இருந்துச்சுன்னா, நீ சொல்றதுதான் சரின்னு நானே லூர்துகிட்ட சொல்லிடுறேன்.” கப்பலில் யாருக்கும் தாங்கள் அப்படி வாக்குக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. ஆன்டோ, சரி என்று சொன்னார்.

கொத்தனாரோ திருவதிகையில் வேறு வேலை தொடங்கிவிட்டார். “பொங்கல் முடியட்டும் சார்” என்றார். அப்போதுதான் தங்கள் கடைசி நங்கூரத்தை இறக்கினீர்கள், அதாவது அண்ணியைக் கூப்பிட்டீர்கள். தில்லையம்மாள் அண்ணி சொன்னதை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். “நீங்க கடல்ல வரைஞ்சி அனுப்புனதுல நான் இடிச்சது எத்தினின்னு ஒங்களுக்கே தெரியாது. வெச்சிடுங்க, நான் பாத்துக்கிறேன்.”

வீரத் திருமகளே, தில்லையம்மாள் அண்ணி! மடல் அண்ணனுக்கு என்றாலும் இந்தப் பத்தி உங்களுக்கு. நீங்கள் மறுநாளே சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் மாறி, திருவதிகையில் அந்தக் கொத்தனார் வேலை செய்த இடத்தில் மணல் குவியல் பக்கத்தில் துண்டு விரித்து உட்கார்ந்துவிட்டீர்கள். “பொங்கலுக்கா? பரவால்ல தம்பி, நான் இங்கயே இருக்கிறேன். வேலயப் பாரு” என்று சொல்லி, அவர் ஆட்களுக்கு டீயும் வாங்கிக் கொடுத்தீர்களாம். உட்கார்ந்து டீ வாங்கித் தருகிறவரை எந்தக் கொத்தனாரால் விரட்ட முடியும்? அடுத்த நாள் காலையிலேயே அறிவழகன் கடப்பாரையோடு முதுநகருக்கு வந்துவிட்டார்.

அங்கேயும் நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். நெய்வேலிக்குப் போய் பாக்கியமேரியைக் கையோடு அழைத்துவந்து, புழுதியும் தூசியுமாக இருந்த அந்த வீட்டிலேயே அவரோடு தங்கினீர்கள். கொத்தனார் உங்களிடம் வந்து, “சரியா இருக்குதாம்மா?” என்று கேட்டால், “எங்கிட்ட ஏன்பா கேக்குற? வூட்டுக்காரி அங்க இருக்கா, அவகிட்ட கேளு” என்றீர்கள். பாக்கியமேரி ஒவ்வொரு வாசலிலும் உருட்டிப் பார்த்து, “இங்க இன்னும் தட்டுது, செதுக்குங்க” என்று சொல்லச் சொல்ல, படிகள் உடைந்தன, தரை சமமானது, தெருவாசலில் சரிவு வந்தது. அண்ணன் போடச் சொன்ன பிடிகம்பியை மட்டும் எடுக்கவே கூடாது என்று பாக்கியமேரி சொல்லிவிட்டார். கடலிலிருந்து போன யோசனைகளில் அது ஒன்றாவது தேறியதே என்று நாங்கள் இங்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் ஆன்டோ சொன்னபடி காரோடு வந்தார். அக்காவின் துணிமணி வைக்கப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். அவர் கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டு, பாக்கியமேரி சமையலறையிலிருந்து கம்பியைப் பிடித்து இழுத்து, கூடத்தைத் தாண்டி, தெருவாசலுக்கு வந்து, சரிவில் இறங்கி அவர் முன்னால் நாற்காலியை நிறுத்தினார். மடியில் தட்டு, தட்டில் தானே சுட்ட முறுக்கு. “வாடா, காப்பி குடிச்சிட்டுப் போ” என்றார். ஆன்டோ காப்பி குடித்தார். உள்ளே போய் ஒவ்வொரு வாசலையும் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். வெளியே வந்து எங்கள் லூர்துசாமிக்குப் போன் போட்டு, “மாமா, பொட்டிய நான் திரும்ப எடுத்துட்டுப் போறேன்” என்றார். அந்தப் போன் வந்தபோது லூர்துசாமி சமையற்கட்டில் பிரியாணி கிளறிக்கொண்டிருந்தார். கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அண்ணே, தாங்களும் அழுதீர்கள். வெங்காயம் என்று சொன்னீர்கள். அன்று வெங்காயம் உரித்தவன் நான், அது எப்போதோ முடிந்துவிட்டது.

கப்பலின் பெருமையே! எங்கள் கைகள் எத்தனையோ நாட்டுக்குக் கோதுமையும் நிலக்கரியும் உரமும் கொண்டுபோய் இறக்கியிருக்கின்றன. அந்தச் சரக்கெல்லாம் யார் வீட்டுக்குப் போனது, யார் தின்றார்கள், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் செய்த வேலையில் போய்ச் சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற வேலை அந்த ஒரு வீடுதான். முதுநகர்ப் பக்கம் போனால் எங்களில் ஒவ்வொருவனும் பஸ்ஸை விட்டு இறங்கி அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். நான் என் மனைவி வினோதினியை அழைத்துப்போய்க் காட்டி, “இந்த அடுப்பு மேடை எங்க கோடு” என்று சொன்னேன். இப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பைத் தந்த தங்களுக்கு, தலைமுறைக்கும் கடன்பட்டோம். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமே இல்லை.

இனித் தங்கள் ஓய்வுக் காலத்துக்கு வருவோம். சிதம்பரத்து வீட்டு மொட்டை மாடியில் கோடு போட ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்று அண்ணி எங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். போடுங்கள், அண்ணே, யார் தடுக்கப் போகிறார்கள்! ஆனால் அந்த வீட்டுக்குக் கேப்டன் அண்ணிதான். கோடு போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். தாங்கள் கடலில் இருந்த அத்தனை காலமும் அந்த வீட்டை ஓட்டியவர், ஒரு நாளும் தரை தட்டவிடாதவர். அவர் கையில் தங்களை ஒப்படைக்கிறோம். நல்ல நிலையில், துரு நீக்கி, வர்ணம் அடித்துத்தான் ஒப்படைக்கிறோம்!

ஆண்டவன் எந்தப் பெயரில் எந்தக் கோயிலில் இருந்தாலும் சரி, எங்கள் வேண்டுதல் ஒன்றே: நோய் நொடி அண்டாமல், நிம்மதி நீங்காமல், பேரன் பேத்திகள் சூழப் பல்லாண்டு வாழ்க! முழங்கால் வலி தங்களைத் தேடி வராதிருக்கட்டும். வந்தாலும் தங்கள் திட்டுக்குப் பயந்து திரும்பிப் போகட்டும்! தங்கள் பெயர் சொல்லி நாங்கள் தலைநிமிர்வதுபோல், தங்கள் பிள்ளைகளும் தலைநிமிரட்டும்! வளம் பெருகுக! வாழ்வு நீளுக!

மடல் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். நேற்று பாக்கியமேரியிடம் படித்துக் காட்டினேன். லூர்துசாமி ஊர் திரும்பிய நாளிலிருந்து, 'அவளைத் தனியா உட்டுட்டு இனி கப்பலேற மாட்டேன்' என்று கடலூரிலேயே ஒரு மெஸ்ஸில் வேலை பார்த்துவந்தது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலமானால் துறைமுகத்துப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவார் என்பதும் தெரியும். பாக்கியமேரி முழுவதையும் கேட்டுவிட்டு, தான் சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் கடைசியில் சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறேன்:

“அண்ணே, இவரு வர்ற வெள்ளிக்கெழம கப்பலேர்றாரு. வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு, நான்தான் போவச் சொன்னேன். பொட்டி நான்தான் கட்டுனேன். யாரும் வந்து தொணைக்கு இருக்க வேணாம்னு தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். எங்க வூட்டுல நான் இருந்துக்குவேன்.”

என்றென்றும் தங்கள் அன்பில்,
'நீலமலர்' கப்பலின் மேல்தளம், இயந்திர அறை, சமையலறைப் பணியாளர்கள்
சிதம்பரம்